சப் ஜெயிலின் ஒரே காக்கிப் புடவை

கன்னியம்மா கீரை விற்பவள். ஊரில் எந்தப் பெண்ணாவது குற்றம் செய்து மாட்டிக்கொண்டால் அன்றிலிருந்து அரசாங்க உத்தியோகஸ்தி. அந்தப் பெண் விடுதலையானால் மறுபடியும் கீரை. எண்பதுகளில், தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமாக, தாலுகா அலுவலகத்தின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சப் ஜெயிலில் இப்படியும் ஒரு வேலை இருந்தது.

பெண் கைதியைப் பெண் காவல் இல்லாமல் பூட்டி வைக்கக் கூடாது என்பது விதி. எப்போதாவது வருகிற கைதிக்காக எப்போதும் ஒருத்திக்குச் சம்பளம் தரக் கூடாது என்பது சிக்கனம். இரண்டுக்கும் நடுவில் கிடைத்த சந்தில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தாள். தலைமை வார்டர் வேதாசலம் சைக்கிளை மார்க்கெட் வாசலில் சாய்த்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"கன்னியம்மா, லேடி வந்துகீது!"

உடனே கீரைக்கூடையைப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் விற்கும் ரத்தினபாயிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். ஜெயில் பீரோவில் ஒரே ஒரு காக்கிப் புடவை இருந்தது. யாரோ ஒரு நெட்டைப் பெண்ணுக்காக எந்தக் காலத்திலோ வாங்கியது. கன்னியம்மா குள்ளம். மிச்சத் துணியையெல்லாம் இடுப்பில் சுருட்டிச் செருகினால் வயிற்றுப் பிள்ளைக்காரி மாதிரி தெரிவாள். ஆனாலும் அதைக் கட்டி, பெண்கள் அறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டதும், அவள் நடை மாறிவிடும். கீரைக்காரியை "இன்னாமே" என்று கூப்பிடுகிற போலீஸ்காரர்கள்கூட வார்டரம்மாவை "வாங்க" என்பார்கள்.

அந்த 'வாங்க'வுக்காகத்தான் அவள் உயிரை விட்டாள்.

சப் ஜெயிலுக்கு சூப்பிரண்டெண்டு, துணைத் தாசில்தார் வைத்தீஸ்வரன். ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், வெள்ள நிவாரணம் ஆகியவற்றுக்கு நடுவே அவர் ஜெயிலையும் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் அவர் நல்ல மனநிலையில் இருந்தபோது கன்னியம்மா கேட்டே விட்டாள்.

"ஐயா, நம்மள பர்மனெண்டு பண்ணக் கூடாதா?"

"பண்ணலாமே. ஆனா மேல என்னன்னு எழுதறது? ஜெயில்ல லேடீஸே இல்லையே. தொடர்ந்து கொஞ்ச காலம் யாராவது உள்ள இருந்தா, இந்த மாதிரி தேவை இருக்குன்னு புரொபோசல் அனுப்பலாம்."

அன்றிலிருந்து அவளுக்குச் சாமி கும்பிடுவதே சங்கடமாகிவிட்டது. எனக்கு வேலை வேணும் என்று கேட்கலாம். ஊர்ப் பெண்களுக்குக் கெட்ட புத்தி கொடு என்று எப்படிக் கேட்பது? வேலையை மட்டும் கேட்டுவிட்டு, வழியைச் சாமியிடமே விட்டுவிட்டாள். ரத்தினபாய்க்கு இது தெரியும்.

"இன்னாடி, இந்த மாசமும் ஒருத்தியும் சாராயம் காய்ச்சலியா? ஊர்ல எல்லாம் பத்தினியாப் பூட்டாளுங்க, பேஜாராப் போச்சு ஒனக்கு."

"வாய மூடுக்கா. எவளாவது வந்தா சோறு ஊட்டி, தலை வாரி, பத்திரமா அனுப்புறேன். கெட்டதா நெனைக்கிறேன்?"

அது உண்மை. அவள் காவலில் இருந்து போன பெண்கள், வெளியே பார்த்தால் அவளிடம்தான் கீரை வாங்குவார்கள்.

கன்னியம்மாவுக்கு இன்னொரு தொழிலும் இருந்தது. அது ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வரும். ஆட்சி கவிழ்ந்தால் முன்னாலேயும் வரும். தேர்தல் அன்று காலையில் சவுரிமுத்துவின் வேன் மார்க்கெட் முனையில் வந்து நிற்கும். சவுரிமுத்து எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. வேனுக்கு யார் டீசல் போட்டார்களோ அந்தக் கட்சி. பெண்களை ஏற்றிக்கொண்டு, அவர்களை யாருக்கும் தெரியாத பூத்தாகப் பார்த்து இறக்குவான். கையில் சீட்டு. சீட்டில் பேர், புருஷன் பேர். முடித்தால் பிரியாணி.

இதில் கன்னியம்மாவுக்கு இணை கிடையாது. மற்றப் பெண்கள் ஓட்டுப் போடுகிற அறைக்குள் நுழைந்ததும் பதறுவார்கள். இவள் நிமிர்ந்து நிற்பாள். "புருஷன் பேரு?" என்று கேட்டால் பட்டென்று சொல்வாள். அடுத்தவள் புருஷன்தானே, சொல்வதற்கு என்ன? நியாயமான ஓட்டுக்காரிகள்தான் அந்த இடத்தில் தலையைக் குனிந்து, முந்தானையைத் திருகி, பின்னால் நிற்பவளைப் பார்த்து, "நீ சொல்லுக்கா" என்று கெஞ்சுவார்கள். அதிகாரிகள் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், பட்டென்று சொல்கிறவளை உத்தமி என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

எண்பதுகளின் கடைசியில் வந்த ஒரு தேர்தலுக்கு முன்னால் கெடுபிடி வந்தது. கள்ள ஓட்டுக்குத் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள் என்றார்கள். சட்டத்தில் என்ன எழுதியிருந்ததோ, தாம்பரம் மார்க்கெட்டுக்கு வந்து சேரும்போது அது ஆயுள் தண்டனையாகியிருந்தது. பூத் அதிகாரிகளாகப் போகிற பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது: பிடிக்காத அதிகாரிக்கும் தண்டனை என்று. அதுவரை கள்ள ஓட்டுக்காரியை "போம்மா, போம்மா" என்று விரட்டிவிட்டுக் காபி குடித்த வாத்தியார்கள், இந்த முறை போலீஸ்காரரைப் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார்கள்.

தண்டனையைக் கூட்டியவர்கள் சப் ஜெயிலில் தட்டைக் கூட்டவில்லை. அது வேறு இலாகா.

தேர்தலன்று கன்னியம்மா காலையிலேயே கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு பூத்தில் இறங்கினாள். சீட்டில் இருந்த பேர் தனம். புருஷன் பேர் பொன்னுசாமி. கணீரென்று சொன்னாள். விரலில் மை வைத்துக்கொண்டாள். வெளியே வந்து தீக்குச்சி மருந்தைக் குழைத்து மையைத் தேய்த்ததில் தோலும் கொஞ்சம் போய்விட்டது. விரல் எரிந்ததால் அடுத்த பூத்துக்கு வரமாட்டேன் என்று பஸ் ஏறி மார்க்கெட்டுக்கு வந்துவிட்டாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது.

சாயங்காலம் வேதாசலத்தின் சைக்கிள் தடதடத்துக்கொண்டு வந்தது.

"கன்னியம்மா! லேடி இல்ல, லேடீஸ்! ஒரு வேன் நெறைய வந்துகீது! சீக்கிரம் வா!"

சாமி வழியைக் கண்டுபிடித்துவிட்டது.

பெண்கள் அறை என்பது ஒரு காலத்துச் சரக்கு அறை. பெண்கள் இல்லாத நாளில் தாலுகா அலுவலகத்தின் பழைய ஓட்டுப்பெட்டிகளை அங்கே போட்டு வைப்பார்கள். அகற்ற நேரமில்லை. கைதிகளை உள்ளே விட்டபோது அவர்கள் நேராகப் போய் அந்த இரும்புப் பெட்டிகள் மேல்தான் உட்கார்ந்தார்கள். முதல் ஆளாகக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் ரத்தினபாய்.

"அடிப்பாவி," என்றாள் ரத்தினபாய், காக்கிப் புடவையை மேலும் கீழும் பார்த்து. "எங்க கூட வேன்ல வந்துட்டு, இப்ப எங்களுக்கே சாவியா?"

"ஷ்ஷ்! கத்தாதக்கா. நீ எப்பிடி மாட்டின?"

"எங்கெரகம். புருஷன் பேரு கேட்டான். சீட்டுல இருந்தத சொன்னேன். அந்த ஆளே பூத் ஏஜெண்டா எதிர்ல உக்காந்துகினு கீறான்! 'நான் எப்போம்மா ஒனக்குத் தாலி கட்டினேன்'றான்."

அறை முழுக்கச் சிரித்தது. பிரியாணி வராத வருத்தத்தைத் தவிர அவர்களுக்கு வேறு வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. வருத்தமெல்லாம் வெளியேதான். தட்டுகள் பற்றாமல் பந்தி பந்தியாகச் சாப்பிட்டார்கள். சோறு போடும் கான்ட்ராக்ட் ஓட்டல்காரர் சாம்பாரில் தண்ணீரை ஊற்றினார். பிறகு தண்ணீரில் சாம்பாரை ஊற்றினார். இருந்தது ஒரே கக்கூஸ். அதற்கு நின்ற வரிசை, பகலில் பூத்தில் நின்றதைவிட ஒழுங்காக இருந்தது. வைத்தீஸ்வரன் வந்து எட்டிப் பார்த்து, "ஈஸ்வரா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கும்பலில் ஒருத்தி மட்டும் பெட்டி மேல் உட்காரவில்லை. சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வேதாசலம் அவளை வெளியே கூப்பிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"பேரு?"

"தனம்."

"புருஷன் பேரு?"

பதில் இல்லை.

கன்னியம்மாவுக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. பொன்னுசாமி. எச்சிலோடு சேர்த்து விழுங்கினாள். புண்ணான விரலை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

வேதாசலம் போலீஸ் எழுதிய புகாரைப் படித்தார். இந்தப் பெண் ஓட்டுப் போட வந்தபோது, தனம் என்ற பேரில் ஏற்கெனவே ஓட்டு விழுந்திருந்தது. புருஷன் பேர் கேட்டதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதோடு விடாமல், தன் மூக்குத்தியைத் தொட்டுத் தொட்டுக் காட்டி அதிகாரிக்கு லஞ்ச ஆசை காட்டியிருக்கிறாள்.

"மூக்குத்தியா?" என்று வேதாசலம் நாக்கைச் சப்புக்கொட்டினார். "ஒரு ஓட்டுக்குத் தங்க மூக்குத்தியே குடுக்கறியா? பெரிய கையா கீறியேம்மா நீ!"

அவருக்குப் புரியவில்லை, வாத்தியாருக்கும் புரியவில்லை. அங்கே இருந்தவர்களில் கன்னியம்மா ஒருத்திக்குத்தான் புரிந்தது. அந்தப் பெண் லஞ்சம் காட்டவில்லை. புருஷன் பேரை வாயால் சொல்லாமல், மூக்கிலிருந்த பொன்னைத் தொட்டுச் சாடை சொல்லியிருக்கிறாள்.

அன்று சாப்பாடு கொடுக்கும்போது கன்னியம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏம்மா, உன்னத் தெரிஞ்சவங்க யாரும் இல்லியா? அக்கம்பக்கம்?"

"பக்கமே இல்லக்கா. பிளாட்டு போட்டு வித்துகினு கீறாங்களே, அங்க காவலுக்குக் கீறோம். சுத்தியும் வெறும் கல்லுதான் நட்டு வச்சிருக்கு. அவரு லாரி ஓட்றாரு. வடக்க போயிருக்காரு."

"எந்த லாரி?"

"செவப்பு லாரி."

"செவப்பு லாரிக்கு இன்னா கொறச்சல் நாட்டுல! ஆபீஸு பேரு?"

"தெரியாதுக்கா. இவரு பேரச் சொல்லிக் கேட்டாத் தெரியும்."

"அப்ப சொல்லித் தொலையேன். இல்ல, எனக்கு மட்டும் சாடையாக் காட்டு."

தனம் வேகமாகத் தலையை ஆட்டினாள். "ஒரு வாட்டி சாடை காட்டினதுக்கே இங்க வந்துட்டேன். அவரு ரோட்டுல கீறாருக்கா. இந்நேரம் பேர எடுத்தா ஆயுசு போவும். நான் உள்ள கெடந்தாப் பரவால்ல, அவரு வந்து சேரட்டும்." பிறகு கன்னியம்மாவின் கையைப் பார்த்தாள். "இன்னாக்கா வெரல்ல?"

"அடுப்புல சுட்டுக்கினேன்."

"மஞ்சள் வய்யி. பழுத்துடப் போவுது."

தனத்தின் விரலில் மை இல்லை. சுத்தமாக இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் புருஷன் பேரில் மாட்டிக்கொண்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கள்ள ஓட்டுப் போட்டவர்களுக்கு ஊரில் ஆள் இருந்தார்கள். சவுரிமுத்து வக்கீலைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஜாமீனில் ஒவ்வொருத்தியாக வெளியே போனார்கள். ரத்தினபாய் போகும்போது, "காரியம் ஆனப்புறம் ஆளையே காணோமேன்னு நெனச்சேன், நல்ல மனுஷன்" என்று சவுரிமுத்துவை வாழ்த்திவிட்டு, ஓட்டல்காரரிடம் சாம்பாரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள்.

நல்ல ஓட்டுக்காரி ஒருத்தி மட்டும் உள்ளே இருந்தாள். அவளுக்கு ஜாமீன் சொல்ல ஆள் இல்லை. ஆள் தேடப் பேர் இல்லை; லிஸ்டில் இருந்த பேர் இவள் புருஷனுடையதுதான் என்று நம்ப யாரும் இல்லை.

இப்போது கன்னியம்மாவின் காக்கிப் புடவை அந்த ஒரு பெண்ணின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. தனம் உள்ளே இருக்கும்வரை இவள் வார்டரம்மா. வைத்தீஸ்வரன் வேறு கூப்பிட்டு அனுப்பினார். மேஜையில் புது ஃபைல்.

"கன்னியம்மா, உனக்கு நல்ல காலம். புதுக் கெடுபிடியால பெண் கைதிகள் அதிகமாயிண்டு வரா, நிரந்தரமா பெண் வார்டர் வேணும்னு எழுதிட்டேன். மேலேர்ந்து எந்த நிமிஷமும் பார்க்க வருவா. அந்தத் தனம் மட்டும் உள்ள இருக்கட்டும். அவளும் போயிட்டா, புரொபோசலுக்கு உயிர் இல்லை."

"சரிங்கய்யா," என்றாள்.

தனம் தொந்தரவில்லாத கைதி. அறையைப் பெருக்கினாள். ஓட்டுப்பெட்டிகளைத் துடைத்து அடுக்கினாள். கன்னியம்மா கொண்டு வந்த முளைக்கீரையை ஆய்ந்து கொடுத்தாள். சாலையில் லாரி சத்தம் கேட்கும்போது மட்டும் கை நின்றுவிடும். சத்தம் தாம்பரத்துப் பக்கம் தேய்ந்த பிறகு மறுபடி ஆயத் தொடங்குவாள். ஜி.எஸ்.டி. சாலையில் லாரிக்கா பஞ்சம்? ஒரு கட்டுக் கீரை ஆய ஒரு பகல் ஆயிற்று.

கன்னியம்மாவால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை. வேறு பக்கம் திரும்பினால் சாவி இடுப்பில் குத்தியது.

"ஏம்மா," என்றாள் ஒரு மத்தியானம். "உன் பேர்ல ஒருத்தி காத்தாலயே போட்டுட்டாளே, அவளப் பாத்தா இன்னா பண்ணுவ?"

தனம் யோசித்தாள். "பாவம், அவளுக்கு இன்னா கஷ்டமோ. ஆனா அவரு பேர அவ சொல்லியிருப்பாளே, அக்கா? அதான் பயமா கீது. எப்பிடிச் சொன்னாளோ. வெடுக்குன்னு சொல்லியிருப்பாளோ?"

கன்னியம்மா எழுந்தாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக வைத்தீஸ்வரன் அறைக்குப் போனாள். வேதாசலம் ஏதோ கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, தனத்தோட வூட்டுக்காரு பேரு பொன்னுசாமி."

"அட, சொல்லிட்டாளா?"

"அவ சொல்லல. நான் சொல்றேன். மூக்குத்தியத் தொட்டது லஞ்சம் இல்ல, அந்தப் பேருக்குச் சாடை. தனம்ன்றது அவதான்."

வைத்தீஸ்வரன் பேனாவை மூடினார். "அவ சொல்லாம உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்குக் காத்தால அவ பேர்ல ஓட்டுப் போட்டவ நான்தான்."

வேதாசலம் வாயைப் பொத்திக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. வைத்தீஸ்வரன் கன்னியம்மாவையே பார்த்தார். அவர் மனசுக்குள் கணக்கு ஓடியது முகத்தில் தெரிந்தது. இவளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் ரிமாண்டு. ரிமாண்டு ஆனால் இங்கேதான் வருவாள். வந்தால் பெண் காவல் வேண்டும். பெண் காவல் இவள்தான். வேறு ஜெயிலுக்கு அனுப்பலாம் என்றால் வழித்துணைக்குப் பெண் போலீஸ் வேண்டும். கேட்டு எழுதினால் அடுத்த தேர்தல் வந்துவிடும்.

"வேதாசலம், இந்த அம்மா என்ன சொன்னா?"

"என் காதுல விழலீங்க சார். ஃபேன் சத்தம்."

"எனக்கும் விழலை." குரலைத் தாழ்த்தினார். "அசடு மாதிரி எதையாவது உளறாதே. நீ இவளைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றியோ என்னமோ, யார் கண்டா? எவளாவது புருஷன் பேரைச் சொல்லமாட்டேன்னு ஜெயில்ல உட்காருவாளா இந்தக் காலத்துல? நீ மட்டும் ஊரார் புருஷன் பேரையெல்லாம் கடகடன்னு சொல்றே. எங்கே, உன் வீட்டுக்காரன் பேரைச் சொல்லு பார்ப்போம்."

கன்னியம்மா வாயைத் திறந்தாள்.

அந்த ஆள் பம்பாய்க்கு வேலைக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கடுதாசி கிடையாது. அங்கே வேறு குடும்பம் என்றும் ஒரு பேச்சு உண்டு. மார்க்கெட்டில் அவனை அவள் திட்டாத திட்டு இல்லை. கட்டையில போறவன் என்பாள், நாசமாப் போறவன் என்பாள். பேரை மட்டும் எடுத்ததில்லை. ஜெயில் சம்பளப் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தபோதுகூட ரத்தினபாய் வந்துதான் சொல்லிவிட்டுப் போனாள்.

திறந்த வாய் திறந்தபடி இருந்தது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. தலை குனிந்தது. கை, காக்கிப் புடவையின் முந்தானையைத் திருகத் தொடங்கியது.

"சொல்லேன்," என்றார் வைத்தீஸ்வரன்.

"வேதாசலண்ணா, நீ சொல்லு," என்றாள் கன்னியம்மா.

வேதாசலம் சிரிக்கவில்லை. வைத்தீஸ்வரனும் சிரிக்கவில்லை. அவர் வீட்டில் பாலாம்பாள் அவரை இத்தனை வருஷமாக "ஏன்னா" என்றுதான் கூப்பிடுகிறாள். தபால்காரன் வந்து பேர் கேட்டால்கூட வாசல் பலகையைத்தான் காட்டுவாள். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து, டெலிபோன் டயலில் தொங்கிய சின்னப் பூட்டின் சாவியை எடுத்தார். அரசாங்கக் காரியத்துக்கு அந்தப் பூட்டு திறந்து பலர் பார்த்ததில்லை.

லாரி ஆபீஸ்களாகத் தேடிப் பேசினார். பொன்னுசாமி என்று ஒரு டிரைவர், கூடுவாஞ்சேரிப் பக்கம் பிளாட்டுக் காவல்? இல்லை என்றார்கள். அடுத்தது. இல்லை. கடைசியில் ஒரு ஆபீஸில், "நம்ம பொன்னுசாமியா? நாக்பூர் லோடு போயிருக்கான் சார். அவன் சம்சாரம் தனத்தைத் தெரியுமே, போன பொங்கலுக்கு வந்து சேலை வாங்கிட்டுப் போச்சு" என்றார் கணக்குப்பிள்ளை.

அவ்வளவுதான். அந்த ஒரு போனுக்காகத்தான் அவ்வளவு நாள் ஒருத்தி ஓட்டுப்பெட்டி துடைத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கணக்குப்பிள்ளை கோர்ட்டுக்கு வந்து அடையாளம் சொல்லி ஜாமீன் போட்டார். கேஸும் பிறகு நிற்காமல் போயிற்று.

தனம் வெளியே போகும்போது கன்னியம்மா புடவையை மாற்றிக்கொண்டிருந்தாள். காக்கியை மடித்து பீரோவில் வைத்துவிட்டு, சாவியை வேதாசலத்திடம் கொடுத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். தனம் அவளுக்காகவே நின்றிருந்தாள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். சுவருக்குக் காது இருந்த ஜெயில் அது. ஃபேன் சத்தமெல்லாம் அதிகாரிகளுக்குத்தான்.

"அக்கா," என்றாள், கன்னியம்மாவின் விரலைப் பார்த்தபடி. "அவரு பேர எத்தினி வாட்டி சொன்ன?"

"பூத்துல ஒரு வாட்டி. சூப்பிரண்டு கிட்ட ஒரு வாட்டி."

"வெடுக்குன்னா?"

"மொத வாட்டி வெடுக்குன்னுதான் சொன்னேன்," என்றாள் கன்னியம்மா. "ரெண்டாவது வாட்டி பதவிசாச் சொன்னேன்."

தனம் அதை மனசுக்குள் வைத்து நிறுத்துப் பார்த்தாள். "கட்டினவ சொன்னாத்தான் ஆவாது. நீ சொன்னா ஒண்ணும் ஆவாது இல்ல?"

"ஒண்ணும் ஆவாது. வந்துடுவாரு பாரு."

வந்துவிட்டான். செவப்பு லாரிதான். மார்க்கெட் முனையில் நிறுத்தி, நாக்பூர் ஆரஞ்சு ஒரு பை கன்னியம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். ரத்தினபாய் அதில் பாதியை எலுமிச்சைக்குப் பக்கத்தில் வைத்து விற்றுவிட்டாள்.

நிரந்தரப் போஸ்ட் ஃபைல் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது. தற்சமயம் பெண் கைதி எவரும் இல்லாததால் தேவை எழவில்லை என்று எழுதியிருந்தார்கள். வேதாசலம் மார்க்கெட்டுக்கு வந்து சொன்னபோது கன்னியம்மா கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். "சரி போ" என்றாள். கொஞ்ச நேரம் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தாள். கீரை ஊறிவிட்டது. வேதாசலம் வழக்கமாக "வரேம்மே" என்பவர், அன்று "வரேங்க" என்றார்.

தொண்ணூறுகளில் வந்த அடுத்த தேர்தலுக்கும் சவுரிமுத்துவின் வேன் வந்தது. வேனுக்குப் புதுக் கலர், கட்சி மாறியிருக்கலாம். கன்னியம்மாவிடம் ஒரு சீட்டை நீட்டினான்.

"இந்தப் பொம்பள உசுரோட கீறாளா?" என்றாள்.

"இருந்தா இன்னாக்கா?"

"உசுரோட கீறவ பேரு எனக்கு வேணாம். அவ ஓட்டு அவளுக்கு. நான் போட்டுட்டுப் போய்ட்டா அவ வந்து மாட்டுவா. செத்தவங்க பேரு இருந்தாக் குடு. அவங்கள யாரு வந்து ஜெயில்ல போடப் போறாங்க?"

சவுரிமுத்துவுக்கு நிம்மதி. "அதுக்கா கொறச்சல்? லிஸ்டுல பாதி அவங்கதான். வா, ஏறு."

கன்னியம்மா சீட்டை வாங்கிப் புருஷன் பேரைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். வேன் கிளம்பி ரயில்வே கேட்டைத் தாண்டும் வரைக்கும் அதைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். வெடுக்கென்று இல்லாமல், பதவிசாக.